மூன்று நாள் குறிப்பேடு

எல்லோரும் கறுப்புக் கால்சட்டையில்தான் வருகிறார்கள்.
நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருகிறார்கள்.
உள்ளே வந்ததும் அந்தக் கண்கள் தேடுவது என்னையல்ல.
காட்டிவிடுவேன்:
இடப்பக்கம், இரண்டாவது கதவு, சாவி வேண்டாம்.
பிறகுதான் வணக்கம்.

கோதன்பர்க்கில் மழை சாய்ந்துதான் பெய்யும்.
குனில்லா தொப்பலாக நனைந்து வந்தாள்.
அதில் அவளுக்கொரு நிம்மதி:
எந்த ஈரம் எதனுடையது என்று
இன்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஐம்பத்து நான்கு வயது. டிராம் ஓட்டுநர்.
நிறுத்தங்களை அவள் பெயரால் அறிவதில்லை.
நூலகம், எட்டு மணிக்குத் திறக்கும்.
பெட்ரோல் நிலையம், சாவி கேட்க வேண்டும்,
கேட்கும்போது அந்தப் பையன் சிரிப்பான்.
பிறகு கடல்வரைக்கும் பதினான்கு நிமிடம்
ஒன்றுமே இல்லை.
அந்தப் பதினான்கு நிமிடத்துக்காக
விடியலிலிருந்து தண்ணீர் குடிக்காதவள்.

என் வேலை குறிப்பேடு படிப்பது.
மூன்று நாள், நான்கு பத்தி:
நேரம். அளவு. கசிவு.
அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்.
அளக்க வாங்கிய குவளை
வீட்டில் மாவு அளக்கும் குவளையைப் போலவே இருந்ததாம்.
நெயில் பாலிஷால் அதில்
சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டாளாம்.
சொல்லும்போது உதட்டோரம் லேசாக நெளிந்தது.
அவ்வளவுதான்.

05.10, பிரேக் போட்டேன்.
05.40, தும்மல்.
11.20, குழந்தை வண்டியைத் தூக்கிவிட்டேன்.
16.05, 'சிரித்' என்று தொடங்கி
அடித்திருக்கிறாள்.

ஒன்பது ஆண்டு. மூன்று கட்டிடம்.
முன்பக்கத்துக்கு ஒரு மருத்துவர், நடுவுக்கு ஒருவர், பின்பக்கத்துக்கு ஒருவர்.
ஒருவர் எழுதிய கடிதம் இன்னொருவரை அடைவதற்குள்
அவளுக்கு மாதவிலக்கே நின்றுவிட்டது.
ஒரே தூளியில் கிடக்கும் மூன்று பிள்ளைகளை
மூன்று ஊருக்கு அனுப்பி வளர்த்தார்கள்;
தூளி கிழிந்திருந்ததை
ஒருவரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை, ஒரே மேசை.
கர்ப்பப்பைக்கு லெனார்ட், குடலுக்கு மாலின்,
விரல்நுனியால் தசையிடம் கேள்வி கேட்கும் அஃப்சானே,
நான்.
ஐந்தாவது நாற்காலி குனில்லாவுக்கு.
நாடா வைத்துத் தாங்கும் அறுவையைப் பற்றி
லெனார்ட் சொன்னார், வரைந்தும் காட்டினார்.
அழகான படம்.
அஃப்சானே பேனாவை மூடினாள்.

முதல் பிரசவம் ஆயுதம் போட்டா?
ஆமாம். தொண்ணூற்று நான்கில்.
கிழிந்ததா?
தைத்தார்கள்.
காற்று, மலம், அவையும் சில சமயம் மீறி வருமா?

மாலின் நிமிர்ந்தாள்.
சன்னலைப் பார்த்தபடியே குனில்லா சொன்னாள்:
அதை யாரும் கேட்கவில்லையே.

எனக்குத் தெரிந்த ஒரு மொழியில்
அடக்கம் என்றொரு சொல் உண்டு.
பெண்ணைப் பாராட்டவும் அதுதான்,
பிணத்தைப் புதைக்கவும் அதுதான்.

அன்றைக்கு அறுவை முடிவாகவில்லை.
லெனார்ட் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்,
கோபமில்லாமல்.
முதலில் ஸ்கேன், என்றாள் மாலின்.
அஃப்சானேயின் அறையில் பயிற்சி:
இறுக்க எல்லோருக்கும் தெரியும் குனில்லா,
நீங்கள் ஒன்பது வருடமாக இறுக்கிக்கொண்டேதான் இருக்கிறீர்கள்.
விடுங்கள். முதலில் விடக் கற்றுக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
கையை நெம்புகோலில் வைத்தபடி
கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவள்
மெல்லத் தூக்குகிறாள், மெல்ல இறக்குகிறாள்.
பின்னால் அறுபது பேர்
கைப்பேசியில் குனிந்திருக்கிறார்கள்.

ஏழு மாதம் கழித்து இரண்டாவது குறிப்பேடு.
அற்புதம் எதுவும் இல்லை;
பின்பக்கத்துக் கணக்கு இன்னும் மாலினிடம் பாக்கி,
ஜனவரியில் பார்க்க வேண்டும்.
தும்மல், இல்லை.
பிரேக், இல்லை.
தண்ணீர், இரண்டு டம்ளர், காலையிலேயே.
மூன்றாம் நாள் மாலை:
சிரித்தேன். மூன்று சொட்டு. பரவாயில்லை.

அடிக்கவில்லை.
எதற்குச் சிரித்தாள் என்று எழுத
அந்தத் தாளில் பத்தி இல்லை.